என்டிஐஎஸ் பிஹேவியர் சப்போர்ட்: கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இத படிங்க

என்டிஐஎஸ் (ஆஸ்திரேலியாவுல மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக்கு காசு குடுக்கற அரசு திட்டம்) பிளான் மீட்டிங்ல, அதாவது புள்ளைக்கு எந்த உதவிக்கு எவ்வளவு காசுன்னு பேசற மீட்டிங்ல, "வீட்ல எப்படி போகுது"ன்னு கேட்டா தயவுசெஞ்சு "சமாளிச்சுக்கறோம்"னு சொல்லாதீங்க. நம்ம ஆளுங்க நிறைய பேர் இதத்தான் சொல்றாங்க, புள்ள கடிக்கிறான், ராத்திரி ரெண்டு மணிக்கு கதவ தொறந்துட்டு ரோட்டுக்கு ஓடறான்னு வெளிய சொல்ல கூச்சம், பெத்த புள்ளய நாமே குறை சொல்றதான்னு தயக்கம். எதிர்ல உக்காந்திருக்கறவங்க குடும்பமே பாத்துக்குதுன்னு எழுதிட்டு போயிடுவாங்க, பிளான் வரும்போது பிஹேவியர் சப்போர்ட்டுக்கு (இந்த மாதிரி நடத்தைய சமாளிக்க குடுக்கற உதவி) ஒரு டாலர் இருக்காது. சிட்னில தமிழ் குடும்பங்களுக்கு ஃபார்ம் நிரப்ப கூட போறேன், இத இத்தனை தடவ பாத்துட்டு சும்மா இருக்க முடியல.

பிஹேவியர் சப்போர்ட் பிராக்டிஷனர் புள்ளய அடக்க வர்றவர் இல்ல. அவன் ஏன் அப்படி பண்றான்னு கண்டுபிடிக்கிறதுதான் அவர் வேலை. எனக்கு தெரிஞ்ச ஒரு பையன், 19 வயசு, பேச மாட்டான், டே புரோகிராம்ல (பகல்ல போய் இருக்கற சென்டர்) சாப்பாட்டு நேரம் ஆனா தலைய சுவத்துல மோதிக்குவான். வந்த பிராக்டிஷனர் முதல்ல பல்வலி, மலச்சிக்கல் ஏதும் இருக்கான்னு டாக்டர்கிட்ட காட்ட சொன்னாங்க, அப்புறம் மூணு நாள் அங்கயே உக்காந்து பாத்தாங்க. பக்கத்து டாய்லெட்ல கை காய வைக்கற மெஷின் சத்தம்தான் காரணம். இடத்த மாத்தி, "வெளிய போகணும்"னு காட்ட ஒரு படம் போட்ட அட்டை குடுத்து பழக்கினாங்க, அங்க வேலை செய்றவங்களுக்கும் சொல்லிக் குடுத்தாங்க. மோதறது ரொம்ப குறைஞ்சிடுச்சு.

ஆனா நிறைய இடத்துல இப்படி நடக்கறதில்ல. மணிக்கு 200 டாலருக்கு மேல போகுது, வர்ற பயண நேரத்துக்கும் ரிப்போர்ட் எழுதற நேரத்துக்கும் சேத்து பில் போடலாம். ஒரு அம்மாவுக்கு கிடைச்ச மணிநேரம் முழுக்க ரிப்போர்ட்லயே கரைஞ்சு போச்சு, 50 பக்கம், நடுவுல வேற யாரோ புள்ளயோட பேரு. சொல்லிக் குடுக்க ஒரு மணிநேரம் மிச்சமில்ல. அதனால சர்வீஸ் அக்ரிமென்ட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி, ரிப்போர்ட்டுக்கு எத்தனை மணி, நேர்ல வந்து பாக்க எத்தனை, எங்களுக்கும் சப்போர்ட் வொர்க்கருக்கும் ட்ரெய்னிங் குடுக்க எத்தனைன்னு பிரிச்சு எழுதித் தர சொல்லுங்க. வாயால சொன்னா போதாது, ஈமெயில்ல வேணும்.

அடுத்தது பதிவு. செல்ஃப் மேனேஜ்டா இருந்தா, அதாவது என்டிஐஎஸ் காச நீங்களே கையாண்டா, யார வேணா வெச்சுக்கலாம்னு நினைக்கிறாங்க, பிஹேவியர் சப்போர்ட் பிளானுக்கு (அந்த நடத்தைக்கு என்ன பண்ணணும்னு பிராக்டிஷனர் எழுதித் தர்றது) அது செல்லாது. எழுதித் தர்ற நிறுவனம் என்டிஐஎஸ் சர்வீஸ கண்காணிக்கற குவாலிட்டி அண்ட் சேஃப்கார்ட்ஸ் கமிஷன்ல பதிவு பண்ணியிருக்கணும், எழுதற ஆளையும் கமிஷன் ஏத்துக்கிட்டிருக்கணும். இது தெரியாம தெரிஞ்ச தெரபிஸ்ட்கிட்ட எழுதி வாங்கி காசு போனவங்க இருக்காங்க.

மாத்திரை விஷயத்துலதான் நம்மாளுங்க ரொம்ப மாட்டறாங்க. நடத்தைய கட்டுப்படுத்தறதுக்காகவே குடுக்கற மாத்திரைய வீட்ல நீங்க குடுத்தா இந்த ரூல் உங்கள தொடாது, அதையே மதியம் டே புரோகிராம்ல குடுத்தா அது ரெஸ்ட்ரிக்டிவ் பிராக்டிஸ், அதாவது ஒருத்தரோட சுதந்திரத்த கட்டுப்படுத்தற செயல். பூட்டின ஃபிரிட்ஜ், கட்டி வைக்கற பெல்ட், தனியா அடைக்கறது, கைய பிடிச்சு அமுக்கறது எல்லாமே இதுல வரும். அதுக்கு பிஹேவியர் சப்போர்ட் பிளான் வேணும், மாநில விதிப்படி அனுமதி வேணும். பயந்துட்டு மறைக்காதீங்க, பிளான்ல இல்லன்னா ஒருநாள் "நாளைலேர்ந்து அனுப்பாதீங்க"ன்னு ஃபோன் வரும். இப்படி ஏதாவது நடக்குதுன்னா இடைக்கால பிளான் 1 மாசத்துல, முழு பிளான் 6 மாசத்துல வந்தாகணும்னு 2018 விதியே சொல்லுது. பிராக்டிஷனர வெச்ச தேதிய குறிச்சு வெச்சுக்கிட்டு அத சொல்லி கேளுங்க.

வெயிட்லிஸ்ட் நீளம், ஆள் கிடைக்கறதுக்குள்ள என்டிஐஎஸ் பிளானே முடிஞ்சிடும். செலவு பண்ணாத காச பாத்து "தேவைப்படல போல"ன்னு அடுத்த பிளான்ல குறைச்சுடுவாங்க. எத்தனை இடத்துல கேட்டீங்க, எங்கெல்லாம் இடமில்லன்னு சொன்னாங்க, அந்த ஈமெயில் ஒண்ணக்கூட அழிக்காதீங்க.

பிஹேவியர் சப்போர்ட்டுக்கு என்டிஐஎஸ் காசே குடுக்கலன்னா, முடிவு கைக்கு வந்து 3 மாசத்துக்குள்ள இன்டர்னல் ரிவ்யூ (அந்த முடிவ அவங்களே திரும்ப பாக்கறது) கேக்கணும். ஃபோன்ல பேசறவங்க "நிலைமை மாறிடுச்சுன்னு வேற ஃபார்ம் போடுங்க"ன்னு அனுப்பி வெப்பாங்க, அது வேற வழி, அதுக்கு பதில் வர்றதுக்குள்ள உங்க 3 மாசம் ஓடிப் போயிடலாம். "எனக்கு ரிவ்யூதான் வேணும்"னு அதே வார்த்தைல எழுதுங்க. சுவர்ல விழுந்த ஓட்டை ஃபோட்டோ, ஸ்கூல் சஸ்பென்ட் பண்ண லெட்டர், என்ன நடந்துச்சு, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு தேதி போட்டு எழுதின நோட்டு, எல்லாம் சேத்து அனுப்புங்க. ரிவ்யூலயும் மறுத்தா 28 நாளுக்குள்ள ட்ரைப்யூனல் (தீர்ப்பாயம்) போகலாம்.

இங்கிலீஷ் தயக்கமா இருந்தா மொழிபெயர்ப்பு சேவை நம்பர் 131 450க்கு கூப்ட்டு தமிழ்ல பேச ஆள் கேளுங்க, பன்னெண்டு வயசு அக்காவ தம்பியோட அடிதடிய மொழிபெயர்க்க உக்கார வெக்காதீங்க. பிராக்டிஷனர் ஏமாத்தறாங்கன்னு தோணினா கமிஷன் நம்பர் 1800 035 544. புகார் குடுத்தா சர்வீஸ நிறுத்திடுவாங்களோன்னு பயப்படறாங்க, புகார் குடுத்ததுக்காக உங்கள பழிவாங்கக் கூடாதுன்னும் சட்டத்துல இருக்கு, அப்படி ஏதாவது பண்ணினா அதையும் அதே நம்பர்ல சொல்லுங்க.