லேசரில் முடி நீக்கம்: எல்லாம் கறுப்பு நிறத்தின் கையில்

லேசரில் முடி எடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது வலிக்குமா, எத்தனை தடவை போக வேண்டும் என்பதுதான். நியாயமான கேள்விகள்தான், ஆனால் அந்த வெளிச்சம் தோலை விட்டுவிட்டு முடிவேரை மட்டும் எப்படிச் சுடுகிறது என்று தெரிந்துகொண்டால், கிளினிக்கில் சொல்லும் நிபந்தனைகளில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

முடிக்கு நிறம் கொடுப்பது மெலனின். லேசர் கதிர் தோலுக்குள் சில மில்லிமீட்டர் இறங்கி, மெலனின் செறிவாக இருக்கும் இடத்தில் உறிஞ்சப்பட்டுச் சூடாகிறது, அந்தச் சூடு பக்கத்தில் பரவி முடியை வளர்க்கும் செல்களைச் சிதைக்கிறது. சிக்கல் என்னவென்றால் மேல்தோலிலும் அதே மெலனின் இருக்கிறது. சின்னக் கரண்டி சீக்கிரம் ஆறும், பெரிய பாத்திரம் ஆற நேரமாகும் இல்லையா? மெல்லிய மேல்தோலும் தடித்த முடிவேரும் அப்படித்தான். கதிரை ஒரே வெட்டாகப் பாய்ச்சாமல் சில மில்லிவினாடி முதல் சில பத்து மில்லிவினாடி வரை நீட்டி, கூடவே மேல்தோலைக் குளிர்வித்தால் தோல் தப்பிக்கும், வேர் தப்பாது. குறிவைத்த இடத்தை மட்டும் சுடும் இந்தக் கொள்கையை ஆண்டர்சன், பாரிஷ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1983-ல் முன்வைத்தார்கள்.

ஆகவே வெளிர் தோலும் கறுத்த, தடித்த முடியும் இருப்பவருக்கு வேலை சுலபம். தோல் கறுக்கக் கறுக்க ஆபத்து கூடும்: தீக்காயம், கரும்புள்ளி, வெண்புள்ளி. அதற்காகக் கறுத்த தோலுக்கு லேசரே கூடாது என்பதில்லை, அலைநீளத்தை மாற்ற வேண்டும். 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட் லேசரின் கதிரை மெலனின் நன்றாகவே உறிஞ்சும். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் ஆழமாக இறங்கும், மேல்தோல் மெலனினிடம் அவ்வளவாகச் சிக்காது. டயோடு லேசர் இரண்டுக்கும் நடுவில். எந்தக் கருவி, என் தோலுக்கு ஏன் அது என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம்.

நரைமுடி, வெளிர்பொன் முடி, பூனைமுடி எதற்கும் லேசர் பெரிதாக உதவாது. பிடித்துக்கொள்ள அங்கே போதுமான மெலனின் இல்லை. வெயிலில் தோல் கறுத்திருந்தாலும் தள்ளிப்போடுவதுதான் சரி. மச்சம், பச்சை குத்திய இடம் மேல் கதிர் படக் கூடாது. கண்ணுக்குக் கவசம் கட்டாயம், புருவத்துக்கும் கண்ணுக்கும் நடுவில் லேசர் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், சவரம் செய்துவிட்டுத்தான் போக வேண்டும், ஆனால் சில வாரங்களுக்கு முன்பிருந்தே வேக்சிங், த்ரெட்டிங் கூடாது. சவரத்தில் வேர் உள்ளேயே இருக்கும், பிடுங்கினால் லேசருக்குக் குறியே இல்லை. பல அமர்வுகள் தேவைப்படுவதற்குக் காரணம், ஒரு நேரத்தில் சில முடிகள்தான் வளரும் கட்டத்தில் இருக்கும், மற்றவை ஓய்வில் இருக்கும். ஓய்வில் இருப்பவை பெரும்பாலும் தப்பிவிடும். அதனால்தான் 4 முதல் 8 வார இடைவெளியில் பெரும்பாலும் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட அமர்வுகள், பிறகும் அவ்வப்போது ஒன்றிரண்டு. நிரந்தரமாக ஒரு முடிகூட வராது என்று விளம்பரம் சொன்னால் நம்ப வேண்டாம். முடி நன்றாகக் குறையும், மெலியும், அவ்வளவுதான்.

வலி, ரப்பர் பேண்டைச் சுண்டியதுபோல என்பார்கள். மரத்துப்போகும் கிரீமை மருத்துவரைக் கேட்காமல் வீட்டிலேயே அப்பிக்கொண்டு போகாதீர்கள். அமெரிக்காவில் இரண்டு இளம்பெண்கள் லேசருக்கு முன் கால் முழுக்க அதைப் பூசி மேலே பிளாஸ்டிக் சுற்றியதில், மருந்து ரத்தத்தில் அளவுமீறி ஏறி இறந்தே போனார்கள். 2007-ல் அந்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதைப் பற்றி எச்சரித்தது. டாக்சிசைக்ளின் (ஆன்டிபயாடிக்), ஐசோட்ரெட்டினாயின் (முகப்பரு மருந்து) போன்ற மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

முகத்தில், குறிப்பாகத் தாடையிலும் கழுத்திலும், சிலருக்கு லேசருக்குப் பிறகு முடி அதிகமாக முளைப்பதும் உண்டு. அரிதுதான், ஆனாலும் பலர் இதை வாயைத் திறந்து சொல்வதில்லை. தாடையில் திடீரென முடி கூடி, மாதவிடாயும் தவறுகிறது என்றால் பி.சி.ஓ.எஸ். எனும் ஹார்மோன் கோளாறு இருக்கலாம். ஹார்மோன் உள்ளே தூண்டிக்கொண்டே இருக்கும்வரை லேசர் சுட்ட இடத்துக்குப் பக்கத்தில் புதிது தடித்துக்கொண்டே வரும், எனவே முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் லேசர்.