ஸ்டெப்பர் டிரைவுக்கு பவர் கொடுக்கும் முன்

ஸ்டெப்பர் என்பது படிப்படியாகச் சுழலும் மோட்டார்; அதன் சுருள்களுக்குக் கரண்ட் கொடுத்து ஓட்டும் மின்னணுப் போர்டுதான் டிரைவ். எரிந்துபோன ஸ்டெப்பர் டிரைவ் ஒன்று மேசைக்கு வந்தால் நான் முதலில் கேட்பது இதுதான்: பவர் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றினீர்களா? பெரும்பாலும் ஆமாம் என்றே பதில் வருகிறது. "மோட்டார் ஓடவே இல்லையே, சும்மாதானே நின்றது" என்பார்கள். ஸ்டெப்பர் சும்மா நிற்பதில்லை. நின்ற இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கச் சுருள்களில் கரண்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்தப் பாதையைத் திடீரென அறுத்தால், சுருளில் சேர்ந்திருக்கும் ஆற்றல் உயர் வோல்டேஜாகக் கிளம்பி டிரைவின் மாஸ்ஃபெட்களை (கரண்டை ஸ்விட்ச் செய்யும் டிரான்சிஸ்டர்களை) தாக்கும். தளர்ந்த ஸ்க்ரூவும் சரியாகக் கிரிம்ப் ஆகாத கனெக்டரும் இதே வேலையைச் செய்யும். எனவே பவரை அணைத்து, டிரைவின் விளக்கு முழுதாக அணையும்வரை காத்திருந்து, அப்புறம் வயரைத் தொடுங்கள்.

அடுத்தது வோல்டேஜ். குழப்பம் அதிகம் இங்கேதான். மோட்டார் லேபிளில் 2.8 வோல்ட், 1.7 ஆம்பியர் என்று இருக்கும். அந்த 2.8 என்பது சுருளின் 1.65 ஓம் தடையை 1.7 ஆம்பியரால் பெருக்கி வந்த எண், அவ்வளவுதான். கரண்டைத் தானே கட்டுப்படுத்தும் சாப்பர் டிரைவுக்கு 24 அல்லது 36 வோல்ட் கொடுத்தாலும், நாம் வைத்த அளவுக்கு மேல் அது கரண்டை ஏற விடாது. வோல்டேஜ் கூடினால் சுருளில் கரண்ட் சீக்கிரம் ஏறும். அதனால் வேகத்திலும் டார்க், அதாவது சுழற்றும் பலம், தங்கும். 12 வோல்ட் கொடுத்துவிட்டு "வேகம் கூட்டினால் ஸ்டெப் தவறுகிறது" என்று மோட்டாரைக் குறை சொல்வது நியாயமில்லை.

அதற்காக டிரைவின் உச்ச அளவை ஒட்டியும் போகக்கூடாது. பாரத்துடன் சுழலும் மோட்டார் வேகம் குறையும்போது ஜெனரேட்டர்போல் மாறி, ஆற்றலைச் சப்ளை பக்கம் திருப்பி அனுப்பும். 50 வோல்ட் வரை தாங்கும் டிரைவுக்கு 48 வோல்ட் சப்ளை கொடுத்தால் அந்த ஏற்றத்துக்கு இடமே இருக்காது. அங்கே 36 வோல்ட்தான் என் தேர்வு. ஆக்ஸிஸை, அதாவது மோட்டார் நகர்த்தும் மெஷின் பகுதியை, கையால் வேகமாகத் தள்ளினாலும் இதேதான் நடக்கும், பவர் இல்லாதபோதும்கூட. மெதுவாக நகர்த்துங்கள். சப்ளையின் பிளஸ், மைனஸை மீட்டரால் பார்த்த பிறகே இணையுங்கள். பல டிரைவ்களில் தலைகீழ் இணைப்புக்குப் பாதுகாப்பு கிடையாது.

கரண்ட் அமைப்பில் இரண்டு கவனம் வேண்டும். டிப் ஸ்விட்ச் (சிறு ஸ்விட்ச் வரிசை) உள்ள டிரைவ்களின் அட்டவணையில் உச்ச கரண்ட், ஆர்எம்எஸ் (பயனுறு கரண்ட்) என இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது இரண்டாவதைவிட சுமார் 1.4 மடங்கு. உச்ச கரண்டை மோட்டார் லேபிளின் அளவுக்கு வைத்துத் தொடங்குங்கள். டார்க் போதாவிட்டால் மோட்டாரின் சூட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு படி ஏற்றலாம். ஏ4988 போன்ற சிறு டிரைவ் போர்டுகளில் கரண்ட் அளவை வைக்க நாம் மாற்றும் ரெஃபரன்ஸ் வோல்டேஜ் என்பது கரண்ட், 8, கரண்டை அளக்கும் சென்ஸ் ரெசிஸ்டர் மூன்றின் பெருக்கல். 0.1 ஓம் ரெசிஸ்டர் உள்ள போர்டில் 0.8 வோல்ட் வைத்தால் 1 ஆம்பியர். அதே 0.8 வோல்ட்டை 0.05 ஓம் போர்டில் வைத்தால் 2 ஆம்பியர்! இன்னொருவர் சொன்ன எண்ணை அப்படியே வைக்காதீர்கள். உங்கள் போர்டின் ரெசிஸ்டரைப் பாருங்கள்.

மைக்ரோஸ்டெப், அதாவது ஒரு ஸ்டெப்பை எத்தனை துண்டாகப் பிரிப்பது என்பதைப் பொறுத்தவரை, 8 அல்லது 16 பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். 200 ஸ்டெப் மோட்டாரில் 16 வைத்தால் ஒரு சுற்றுக்கு 3,200 பல்ஸ். 128 வைத்தால் 25,600. நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் நொடிக்கு 2,56,000 பல்ஸ் வேண்டும். பல்ஸ் அனுப்பும் பல கன்ட்ரோலர்களால் அது முடியாது. ஓட்டம் மென்மையாகும் என்பது உண்மை. துல்லியமும் அதே அளவு கூடிவிடும் என்று நம்பிவிடாதீர்கள்.

சிக்னல் பக்கம், 5 வோல்ட்டுக்கான உள்ளீட்டில் பிஎல்சியின் (தொழிற்சாலைக் கன்ட்ரோலரின்) 24 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால், சிக்னலை ஒளி வழியாக உள்ளே கடத்தும் ஆப்டோகப்ளர் போய்விடும். டிரைவின் கையேடு சொல்லும் ரெசிஸ்டரை, வழக்கமாக 2 கிலோ ஓம், தொடரில் போடுங்கள். மோட்டாரின் நான்கு வயர்களில் ஜோடி தெரியவில்லையா? டிரைவில் இணைக்கும் முன், இரண்டு வயர்களை ஒன்றாகத் தொட்டபடி ஷாஃப்டைத் திருப்புங்கள். இறுகினால் அவை ஒரே சுருளின் ஜோடி.

செங்குத்து ஆக்ஸிஸ் இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. நிற்கும்போது கரண்டைப் பாதியாக்கும் வசதி மோட்டார் சூட்டைக் குறைக்கும், ஆனால் பாரத்தைத் தாங்கும் பலமும் குறையும். பவர் போனாலோ டிரைவை ஆன், ஆஃப் செய்யும் எனேபிள் சிக்னல் மோட்டாரை விடுவித்தாலோ பாரம் கீழே இறங்கிவிடலாம். அந்த ஆக்ஸிஸுக்கு பிரேக் வைத்த மோட்டாரைப் போடுங்கள். அதுவரை, பவரை அணைக்கும் முன் கீழே முட்டுக் கொடுத்து, கையை விலக்கி வையுங்கள்.