அறுந்த காது ஏன் தானாக ஒட்டுவதில்லை?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கனமான ஜிமிக்கி போட்டுப் போட்டு அவருடைய அம்மாவின் வலது காதுச் சோணை இரண்டாகப் பிளந்துவிட்டது. திருநெல்வேலியில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் முதல் முறையாகக் காட்டப் போகிறார்கள். “அரிவாள்மனையில் விரலை வெட்டிக்கொண்டால் சில நாளில் தானாகக் கூடிவிடுகிறது. அம்மாவின் காது மட்டும் ஏன் வருஷக்கணக்காக ஒட்டவில்லை? டாக்டரிடம் என்னென்ன சொல்ல வேண்டும்?” முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால் இரண்டாவது கேள்வி பாதி தீர்ந்த மாதிரி.

காயம் பட்டால் ரத்தம் உறைகிறது, கிருமிகளோடு வெள்ளணுக்கள் சண்டை போடுகின்றன. இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த கட்டம். காயத்தின் ஓரத்தில் இருக்கும் மேல்தோல் செல்கள், பக்கத்துச் செல்லோடு கோத்திருந்த பிடியை விட்டுவிட்டுத் தட்டையாகின்றன. பிறகு பொருக்குக்கு அடியில், ஈரமான தரை மேல் ஊர்ந்து போகின்றன. வழியில் கிடக்கும் புரதக் குப்பையை நொதிகளால் அறுத்துக்கொண்டே நகர்கின்றன. எதிர்ப்பக்கத்திலிருந்தும் இதே மாதிரி ஒரு கூட்டம் வருகிறது. இரண்டும் தொட்டுக்கொண்ட உடனே ஓட்டம் நின்றுவிடுகிறது. உத்தரவு போட யாருமில்லை. இன்னொரு மேல்தோல் செல்லைத் தொட்டதே அதற்குப் போதும். ஒழுங்காகத் தையல் போட்ட காயத்தில் இந்தச் சந்திப்பு ஒன்றிரண்டு நாளிலேயே நடந்துவிடுகிறது.

காது குத்தும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். நடுவில் கம்மல் நிற்பதால் ஓட்டைக்குக் குறுக்கே செல்கள் ஒன்றையொன்று எட்ட முடிவதில்லை. முன்பக்கத்துச் செல்களும் பின்பக்கத்துச் செல்களும் கம்பியை ஒட்டியே உள்ளே ஊர்ந்து, ஓட்டைக்குள் சந்தித்து நின்றுவிடுகின்றன. சில வாரங்களில் ஓட்டை ஒரு தோல் குழாயாகிவிடுகிறது. பாம்படம் போட்ட நம் ஊர்ப் பாட்டிமார்களின் வடித்த காதிலும், தோள் வரை தொங்கிய அந்த வளையத்தின் உள்சுற்று முழுக்கத் தோல்தான். மெதுவாக இழுத்தால் தோல் செல்கள் பெருகிக் கூடுதல் தோலையே உண்டாக்கும். அவசரமாக இழுத்தால் கிழியும்.

ஜிமிக்கி மெதுவாகத்தான் அறுக்கிறது. சோணையில் குருத்தெலும்பு கிடையாது, கொழுப்பும் நார்த்திசுவும்தான். எடை நாளுக்கு நாள் கீழே இறங்க இறங்க, அறுந்த இடத்தை மேல்தோல் உடனுக்குடன் மூடிக்கொண்டே வருகிறது. அதனால்தான் கடைசி இழை அறும் அன்றைக்குப் பலருக்கு ரத்தமே பெரிதாக வருவதில்லை. பிளவின் இரண்டு ஓரமும் இப்போது முழுத் தோல். தோலும் தோலும் ஒட்டாது. ஒட்டுமென்றால் கைவிரல்கள் தூக்கத்தில் சேர்ந்துகொள்ளும். தீக்காயத்தில் தோல் உரிந்த விரல்கள் அப்படி ஒட்டிக்கொள்வது உண்டு. விரல்களுக்கு நடுவே மருத்துவமனையில் துணி வைத்துக் கட்டுவது அதற்காகத்தான்.

ஆக, சர்ஜன் முதலில் செய்வது சோணையை மரத்துப்போக வைத்து அந்த இரண்டு ஓரத்துத் தோலையும் சீவி எடுத்துப் பச்சைக் காயமாக்குவது. அப்புறம்தான் தையல். நேர்க்கோட்டுத் தழும்பு சுருங்கும்போது கீழ் விளிம்பில் ஒரு பள்ளம் விழலாம். அதைத் தவிர்க்க அங்கே இசட் வடிவத்தில் வெட்டித் தைப்பவர்களும் உண்டு. “தையலே வேண்டாம்” என்று அமிலம் தடவி ஒட்டுவதன் தத்துவமும் இதேதான். மேல்தோலை அமிலம் எரித்துவிடுகிறது. எவ்வளவு ஆழம் எரிக்கலாம் என்று தெரியாதவர் கையில் அது வெறும் தீக்காயம். அழகுநிலையத்தில் செய்துகொள்ள வேண்டாம். பசை, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

சரி, டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்? சர்க்கரை உண்டா, கடைசியாகப் பார்த்த அளவு என்ன என்று சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோங்கள், நாட்டு மருந்தையும் சேர்த்து. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்றவை சாப்பிட்டால் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. புகையிலை பற்றிக் கேட்டால் “நான் புகைப்பதில்லை” என்பதோடு விட்டுவிடாதீர்கள். வெற்றிலையோடு போடும் புகையிலையிலும் நிகோட்டின்தான் இருக்கிறது. தோலுக்குப் போகும் நுண்குழாய்களை அது சுருக்குகிறது; ஊர்ந்து போகும் செல்களுக்கு ஆக்ஸிஜன் குறைகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம் பழைய தழும்புகள். சிலருக்குக் காயம் ஆறிய பிறகும் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தின் உற்பத்தி நிற்காது. தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டிப் புடைத்து வளரும். இதுதான் கெலாய்டு. காதுச் சோணை, நெஞ்சு, தோள்பட்டை இதற்குப் பிடித்த இடங்கள். மேற்கையில் அம்மை ஊசி, பி.சி.ஜி. ஊசி போட்ட இடம் எப்படி இருக்கிறது, கூடப்பிறந்தவர்களுக்குப் புடைத்த தழும்பு உண்டா என்று பார்த்துவிட்டுப் போங்கள். கெலாய்டை வெறுமனே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வரும். அதைக் கண்திருஷ்டி என்று சொல்லிச் சுற்றிப் போட்டுக்கொண்டு மாதங்களைக் கடத்தும் குடும்பங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. தொடக்கத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போட்டால் பலருக்கு அமுங்கும். கெலாய்டு மனிதர்களுக்கு மட்டுமே வருவது. எலியில் வைத்துச் சரியாக ஆராய முடியாது. வெளிறிய தோலைவிடக் கருத்த தோலில்தான் அதிகம். அப்படியானால் அதற்கு ஆராய்ச்சிப் பணம் ஒதுக்க வேண்டிய நாடு நம்முடையதுதான். உயிருக்கு ஆபத்தில்லை என்று ஒதுக்கிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேட்க வேண்டியதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. (இப்போது டிஆர்.என்.பி.) பட்டம் வாங்கியவரா, மொத்தச் செலவு எவ்வளவு, திரும்பப் பிளந்தால் என்ன செய்வார். அம்மாவின் பழைய போட்டோ ஒன்றும், இனி போட நினைக்கும் கம்மலும் கையில் இருக்கட்டும். தையலை ஒரு வாரம், பத்து நாளில் பிரித்துவிடுவார்கள். ஆனால் மூன்றாவது வாரத்தில் தழும்புக்குப் பழைய தோலின் வலுவில் கால்வாசிதான் இருக்கும். மூன்று மாதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம். முழு வலு ஒருபோதும் திரும்பாது. அதனால் புது ஓட்டையைத் தழும்பின் மேல் குத்தாமல் அதற்குப் பக்கத்தில் எங்கே, எப்போது குத்துவது என்பதை முதல் சந்திப்பிலேயே பேசி வையுங்கள். ஜிமிக்கியை விட மனமில்லை என்றால், எடையில் ஒரு பங்கைக் கூந்தலுக்கு மாற்றிவிடும் மாட்டலோடு போடச் சொல்லுங்கள்.