பையன் மைனரா? அப்படியென்றால் கூண்டில் நிற்கப்போவது நீங்கள்

“மேடம், வண்டிய நம்ம டிரைவர் ஓட்டுனதா போட்டுருவோமா?”

விபத்து வழக்கு நடத்தும் வக்கீல்கள் எல்லோருக்கும் பழகிப்போன கேள்வி இது. போன வாரம் மறுபடியும் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்து கேட்டார். ஊரில் நல்ல பெயர் உள்ளவர், விசைப்படகு, ஐஸ் பிளான்ட் என்று வசதியான குடும்பம். மகனுக்குப் பதினேழு வயது. எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் அரியமான் கடற்கரைப் பக்கம் சவுக்குத் தோப்பில் நண்பனுக்குக் கேக் வெட்டிவிட்டு, குடித்த கையோடு விடியற்காலையில் அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். எதிரே டிவிஎஸ் எக்ஸெல்லில் மீன் எடுக்கப் போன ஒரு வியாபாரி. (ஆளை அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

ஸ்பாட் போட்டோவைக் காட்டினார். எக்ஸெல்லின் முன்சக்கரம் எட்டாக வளைந்து கிடந்தது. பின்னால் மீன் பெட்டியைச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தார் அந்த மனிதர். அந்தக் கட்டு மட்டும் அவிழாமல் அப்படியே இருந்தது. வந்தவர் என்னிடம் ஜாமீன் பற்றிக் கேட்டார், கார் எப்போது வெளியே வரும் என்று கேட்டார், பையனின் பரீட்சை பற்றிக் கேட்டார். இறந்தவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று அவர் கேட்கவே இல்லை.

அவரை அனுப்பிவிட்டேன். ஆனால் அவர் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு விரிவாகப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. “பையன் மைனர்தானே மேடம், பெருசா ஒண்ணும் பண்ண முடியாதுல்ல?”

கீழக்கரையிலிருந்து தொண்டி வரைக்கும் பெற்றோர்கள் இதை வேதவாக்கு மாதிரி நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். 2024 மே 19 அன்று புனே கல்யாணி நகரில், ஒரு பதினேழு வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு இளம் சாஃப்ட்வேர் இன்ஜினியர்கள் இறந்தார்கள். சில மணி நேரத்தில் அவனுக்கு ஜாமீன் கிடைத்தது. விபத்தைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுது என்பதும் ஒரு நிபந்தனை. அந்தக் கட்டுரைச் செய்தி எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்தது. அதோடு நம்மவர்கள் படிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம். பையனின் அப்பா கைதானார். குடும்ப டிரைவரைப் பழியை ஏற்கச் சொல்லி மிரட்டியதாகத் தாத்தா கைதானார். ரத்த மாதிரியை மாற்றியதாக அம்மாவும், அரசு மருத்துவமனை டாக்டர்களும் கைதானார்கள். ஒரு இரவு காரைக் கொடுத்ததிலிருந்து, மறைக்கப் போன ஒவ்வொருவராக வழக்குக்குள் வந்துவிட்டார்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? பையனைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. பதினெட்டுக்குக் கீழே இருந்தால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். பதினாறு வயதுக்கு மேற்பட்டவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்ற கேள்வி, கொடிய குற்றங்களில் மட்டுமே வரும். குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு என்று சட்டம் சொல்லும் குற்றங்கள்தான் அந்த வகை என்று 2020ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவும் டெல்லியில் ஒரு பையன் மெர்சிடிஸ் காரை ஓட்டி ஒருவரைக் கொன்ற வழக்கில்தான். ஆகவே பையன் ஜெயிலுக்குப் போகும் வாய்ப்பு குறைவு, ஒப்புக்கொள்கிறேன்.

மீதிப் பாதியைத்தான் யாரும் படிப்பதில்லை. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 199ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மைனர் வண்டியோட்டிக் குற்றம் செய்தால், பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ அந்தக் குற்றத்துக்குப் பொறுப்பாவார்கள். மூன்று ஆண்டு வரை சிறை, அதோடு 25,000 ரூபாய் அபராதம். ‘அதோடு’ என்பதைக் கவனியுங்கள். அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற பிரிவு அல்ல இது. வண்டியின் பதிவை 12 மாதத்துக்கு ரத்து செய்வார்கள். பையனுக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடையாது, பழகுநர் உரிமம்கூடக் கிடையாது.

இதைச் சொன்னவுடன் அடுத்த வரி தயாராக வரும்: “எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்.”

இந்த இடத்தில்தான் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. பெற்றோரின் சம்மதத்தோடுதான் வண்டி போனது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என அதே பிரிவு சொல்கிறது. சம்மதம் இருந்தது என்று போலீஸ் நிரூபிக்க வேண்டியதில்லை. தெரியாது என்பதையோ, தடுக்க எல்லா முயற்சியும் எடுத்தேன் என்பதையோ நிரூபிக்க வேண்டியது நீங்கள். எப்படி நிரூபிப்பீர்கள்? உங்கள் வீட்டில் கார் சாவி எங்கே தொங்குகிறது? டிவிக்குப் பக்கத்து ஆணியில். போன பெருநாளுக்கும் பொங்கலுக்கும் அவன்தான் அத்தையைப் பஸ் ஸ்டாண்டில் இருந்து காரில் கூட்டி வந்தான், தெருவே பார்த்தது. பதினைந்து வயதில் அவன் ஸ்டியரிங் பிடித்த வீடியோவை “என் சிங்கம்” என்று ஸ்டேட்டஸ் வைத்தது நீங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அதை எடுத்து நீட்டும்போது என்ன சொல்வதாக உத்தேசம்?

டிரைவரை மாற்றுவதற்கு வருகிறேன். பெட்ரோல் பங்கில் கேமரா இருக்கிறது, செக்போஸ்ட்டில் இருக்கிறது, நகைக்கடை வாசலில் இருக்கிறது. டிரைவரின் போன் அந்த நேரத்தில் எந்த டவரில் இருந்தது என்று எடுப்பது போலீஸுக்கு ஒரு வேலையே இல்லை. இது எதுவும் வேண்டாம், காரில் இருந்த நாலு பையன்களில் ஒருவன் பாட்டுப் போட்டு ஸ்டோரி வைத்திருப்பான், அதில் ஸ்டியரிங்கில் உங்கள் மகன் முகம் தெளிவாக இருக்கும். மாட்டினால் பி.என்.எஸ். (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 238வது பிரிவு உங்கள் மேல் வரும், சாட்சியத்தை மறைத்ததற்காக. பாவம் அந்த டிரைவரையும் சேர்த்து இழுத்துவிடுவீர்கள். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதச் சம்பளம் கொடுக்கிறோம் என்பதற்காக ஒருவரின் லைசென்ஸையும் பெயரையும் விலைக்குக் கேட்பது எவ்வளவு பெரிய பாவம் என்று, வந்தவர்களில் ஒருவர்கூட எனக்கு முன்னால் யோசித்துப் பார்த்ததில்லை.

“இன்சூரன்ஸ் இருக்கே” என்பவர்களுக்கு ஒரு கணக்கு. இறந்தவருக்கு வயது 38, மாத வருமானம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார். நாற்பது வயதுக்குள் சொந்தத் தொழில் செய்பவருக்கு எதிர்கால வருமானமாக 40 சதவீதம் சேர்ப்பார்கள், 21,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750. வருடத்துக்கு 1,89,000. இந்த வருடத் தொகையை எத்தனையால் பெருக்குவது என்பதற்கு வயதுவாரியாக ஒரு எண் உண்டு, அந்த வயதுக்கு 15. ஆக 28,35,000 ரூபாய். மற்ற தலைப்புகளில் கிடைக்கும் தொகையும், மனுப் போட்ட நாளிலிருந்து வட்டியும் இதற்கு மேலே. ஓட்டியவனுக்கு லைசென்ஸ் இல்லை, குடித்திருந்தான் என்றால் பாலிசி நிபந்தனையை மீறியாகிவிட்டது. இப்படிப்பட்ட வழக்குகளில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வழக்கமாக என்ன உத்தரவு போடும் தெரியுமா? கம்பெனி முதலில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் பணத்தைக் கட்ட வேண்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். வசூல் என்றால் உங்கள் வீடு, தோப்பு, படகு. நிலவரி பாக்கியை வசூலிப்பதுபோல் கலெக்டர் மூலமாக வசூலிக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

மகனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதா? அப்படியானால் இளைஞர் நீதிக் குழுமம் என்ற பேச்சே இல்லை. நேராகக் குற்றவியல் நீதிமன்றம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உயிர் போனால் அஜாக்கிரதை என்று ஐந்து ஆண்டு வரை. குடித்துவிட்டு ஓட்டினால் உயிர் போகும் என்று தெரிந்தேதான் ஓட்டினான் என்று நீதிமன்றம் கருதினால், கொலையாகாத மரணம் விளைவித்தல். மும்பையில் நடைபாதையில் தூங்கிய தொழிலாளர்கள் மேல் காரை ஏற்றி ஏழு பேரைக் கொன்ற இளைஞனுக்கு அந்தப் பிரிவில் கொடுத்த தண்டனையை 2012ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. பிளஸ் டூ மார்க்குக்குக் கார் வாங்கிக் கொடுப்பவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போதையில் ஓட்டினால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை. ஆனால் நம் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரவில் காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு ரேஸ் டிராக் என்று நினைக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பல இடங்களில் விளக்கு கிடையாது, இரண்டு பக்கமும் கருவேலம் ரோட்டின் மேல் சாய்ந்து நிற்கும். உங்கள் பிள்ளைகள் பார்ட்டி முடிந்து திரும்பும் அதே மூன்று, நான்கு மணிக்குத்தான் மற்றவர்களின் நாள் தொடங்குகிறது. கரைக்குப் போகும் மீனவர்கள், ஏலத்துக்குப் போகும் பெண்கள், வாலிநோக்கம் பக்கம் உப்பளத்துக்கு நடப்பவர்கள், ராமேஸ்வரம் தீர்த்தமாட வந்து டீக்கு இறங்கி நிற்கும் வெளியூர்க்காரர்கள். தலையில் பலமாக அடிபட்டவரை மதுரைக்கு அனுப்ப வேண்டி வந்தால் நூறு கிலோமீட்டருக்கு மேல். எத்தனையோ பேர் பரமக்குடி தாண்டுவதற்குள் போய்விடுகிறார்கள்.

அமெரிக்காவில் 2013ல், டெக்ஸாஸில், பதினாறு வயதுப் பையன் ஒருவன் குடித்துவிட்டு வண்டியோட்டி நான்கு பேரைக் கொன்றான். பணக்கார வீட்டில் எதற்கும் கண்டிக்காமல் வளர்த்ததால் அவனுக்குச் செயலின் விளைவே தெரியாது என்று அவன் தரப்பு உளவியலாளர் சாட்சி சொன்னார். சிறைக்கு அனுப்பாமல் பத்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, அவன் நிபந்தனையை மீறியதாகச் சந்தேகம் வந்தபோது அவன் அம்மா அவனை மெக்சிகோவுக்குக் கூட்டிக்கொண்டு ஓடிப்போய், இரண்டு பேரும் பிடிபட்டார்கள். என்னைக் கேட்டால் அந்த உளவியலாளர் சொன்னதில் உண்மை இருக்கிறது. அந்த உண்மை பையனை விடுவிக்கக் காரணமல்ல, பெற்றோரைக் கேள்வி கேட்கக் காரணம். நம் ஊரிலும் அதேதான். அவன் முதல்முறை ஹெல்மெட் இல்லாமல் பிடிபட்டபோது எஸ்.ஐ.க்குப் போன் போட்டு விடுவித்தது யார்?

குடிப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நண்பர்களைத் திட்டாதீர்கள். கல்யாண வீட்டில் இரண்டு ரவுண்டு போட்டுவிட்டு, குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு ராமநாதபுரத்திலிருந்து ஏர்வாடி வரை நீங்கள் ஓட்டி வந்தபோது பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தவன் அவன். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக்கூடாது. பதினேழு வயதுப் பையன் கைக்குப் பாட்டில் வருகிறது என்றால் ஒரு பெரியவர் வாங்கிக் கொடுத்திருக்கிறார், பெரும்பாலும் சித்தப்பா, மாமா, இல்லையென்றால் வீட்டு வேலையாள். பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு மது கொடுப்பது ஏழு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உள்ள குற்றம். பாசமான மாமாக்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியவை. சாவியை ஆணியிலிருந்து எடுத்துப் பூட்டி வையுங்கள், ஸ்பேர் சாவியையும் சேர்த்து. லைசென்ஸ் வரும்வரை தெருமுனைக் கடைக்குக்கூட அவன் ஓட்டக்கூடாது. பீச்சில் பார்ட்டி என்றால் கொண்டுபோய் விட்டு, நீங்களே போய்க் கூட்டி வாருங்கள். அவனுக்கு ஓட்டிப் பழக்கிவிடாதே என்று உங்கள் டிரைவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். தம்பி கேட்டால் அவரால் மறுக்க முடியாது, மறுக்கும் தைரியத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த நிலைமையில் அவன் ஏன் உங்களைக் கூப்பிடாமல் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறான்? அப்பாவிடம் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில், விடிவதற்குள் காரைப் பழைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும் என்று ஓட்டுகிறான். ரோட்டைவிட உங்களைப் பார்த்துத்தான் அவனுக்குப் பயம். “எந்த நேரமானாலும் போன் பண்ணுப்பா, எந்த நிலைமையில இருந்தாலும் வந்து கூட்டிட்டுப் போறேன், அன்னிக்கு ராத்திரி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்” என்று இப்போதே சொல்லி வையுங்கள். சொன்னபடி நடந்தும் கொள்ளுங்கள். மறுநாள் கண்டிக்கலாம்.

விபத்து நடந்தேவிட்டது என்றால் முதல் போன் 108க்கு. உறவுக்காரர் காரில் பையனை மட்டும் ஏற்றிக்கொண்டு, அடிபட்டவரை ரோட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். இதைவிடக் கேவலம் ஒன்று இல்லை. அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது ஓட்டியவரின் சட்டப்படியான கடமை. ஸ்டேஷனில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பாதிக்கப்பட்ட குடும்பத்தினரில் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் இரண்டு வார்த்தை. காரியச் செலவுக்கு என்று கொண்டுவரும் பணத்தோடு ஒரு வெற்றுப் பத்திரமும் வரும். அதில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். முதல் தகவல் அறிக்கையில் ஓட்டியவர் பெயர் சரியாக இருக்கிறதா என்று அன்றைக்கே படித்துப் பாருங்கள், தப்பாக இருந்தால் உடனே எஸ்.பி.க்கு எழுதிக் கொடுங்கள். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனுப் போட வேண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது, பெரியவர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்து அதைத் தவறவிடாதீர்கள். வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், இல்லை 15100க்குப் போன் பண்ணுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாகவே வக்கீல் கொடுப்பார்கள்.