மழைக்கு முன் பூசி மூடும் படிகள்: மும்பைக் கடற்கரைப் படிக்கட்டுகளைப் பழுதுபார்ப்பது எப்படி

ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் மும்பைக் கடற்கரைகளில் இதே வேலை நடக்கிறது. மழை இறங்குவதற்குள் முடித்தாக வேண்டும் என்று, வெடித்த படிகளின் மேல் ஒரு மூட்டை சிமெண்ட், நாலு பாண்டு மணல், கரணையால் ஒரு இழுப்பு, விளிம்பில் மஞ்சள் பெயிண்ட். ஆகஸ்ட் முடிவதற்குள் அந்தப் பூச்சு தகடு தகடாகப் பெயர்ந்துவிடும். உள்ளே இருந்த கம்பி முன்பைவிட மோசமாக இளைத்து வெளியே நிற்கும். மழை ஓய்ந்து அக்டோபரில் சோதனைக்குப் போனால், கெட்டுப்போன படிகளில் பெரும்பாலானவற்றின் மேல் இப்படிப்பட்ட பூச்சு ஒன்றுக்கு இரண்டு அடுக்காக இருக்கிறது. தாராவி, ஆண்டாப் ஹில், செம்பூர் பக்கமிருந்து இந்த வேலைகளுக்குப் போகும் நம் மேஸ்திரிகளும், கடலோரக் குடியிருப்புச் சொசைட்டிகளில் காசு திரட்டிப் படி சரிசெய்ய நினைப்பவர்களும் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள்.

முதலில் ஊரைப் புரிந்துகொள்ள வேண்டும். சென்னை மெரினாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். மும்பையில் அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் (கடல் மட்டம் ஏறி இறங்குவதுதான் ஓதம்) அது நான்கு மீட்டரைக்கூடத் தாண்டும். மழைக்காலத்தில் 4.5 மீட்டருக்கு மேல் ஓதம் ஏறும் நாட்களை மாநகராட்சி முன்கூட்டியே பட்டியல் போட்டு வெளியிடுகிறது. ஆக, தாதரிலோ மாகிமிலோ ஜுகுவிலோ ஒரே படிக்கட்டின் கீழ்ப்பாதி தினமும் இரண்டு முறை நனைந்து இரண்டு முறை காய்கிறது. முழுநேரமும் தண்ணீருக்குள் கிடக்கும் காங்கிரீட்டை விட, இப்படி நனைந்து காயும் காங்கிரீட்தான் சீக்கிரம் கெடும். உப்பும் கிடைக்கிறது, காற்றும் கிடைக்கிறது. சென்னையில் வேலை பழகியவர்கள் இங்கே வந்து அதே கணக்கில் போடுவது நிற்க வேண்டும்.

இனி அந்தப் பூச்சு விஷயம். "வெடிப்பு வழியாகத்தான் தண்ணீர் போகிறது, வெடிப்பை அடைத்துவிட்டால் சரி" என்பதுதான் எல்லோர் வாயிலும் வரும் பேச்சு. இது அடியோடு தவறு. வெடிப்பினால் துரு வரவில்லை, துரு பருத்துத்தான் வெடித்தது. நீங்கள் பார்க்கும்போது கம்பியைச் சுற்றியுள்ள காங்கிரீட் முழுவதும் ஏற்கெனவே உப்பு ஊறிக் கிடக்கிறது. அதன்மேல் பூசுவது சொத்தைப் பல்லைச் சுரண்டாமல் மேலே அடைப்பது போலத்தான்.

அதோடு முடிந்தாலும் பரவாயில்லை. வெடித்த இடத்தை மட்டும் கொத்தி நல்ல கலவை வைத்தாலும் இன்னொரு ஆபத்து இருக்கிறது, இதை மேஸ்திரிகளுக்கு யாரும் சொல்வதில்லை. புதுக் கலவைக்குள் இருக்கும் கம்பிக்குச் சிமெண்டின் காரத்தன்மையால் துருப்பிடிக்காத பாதுகாப்பு கிடைத்துவிடும். அதே கம்பியின் தொடர்ச்சி பக்கத்தில் பழைய உப்புக் காங்கிரீட்டுக்குள் கிடக்கிறது. ஒரே கம்பியின் இரு பகுதிகளுக்கும் இடையே மின்னோட்டம் ஏற்பட்டு, துரு முழுவதும் ஒட்டுப்போட்ட இடத்தின் ஓரத்துக்கு நகர்கிறது. ஒன்றிரண்டு மழைக்காலத்துக்குள் ஒட்டு அப்படியே இருக்க, அதைச் சுற்றி வளையமாக வெடிக்கும். "அந்த இடம் நல்லாத்தானே இருக்கு, பக்கத்துல வேற வெடிப்பு வந்திருக்கு" என்பார்கள். வேறு வெடிப்பு ஒன்றும் இல்லை, அந்த ஒட்டு கொடுத்த வெடிப்புத்தான் அது. ஆகவே தட்டிப் பார்க்காமல், எதுவரை கெட்டிருக்கிறது என்று தெரியாமல் கரணையைத் தொடாதீர்கள்.

தட்டிப் பார்க்க அரைக் கிலோ சுத்தியல் போதும். ஒவ்வொரு படியின் மிதியிலும் முகப்பிலும் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்றும், உள்ளே பிரிந்த இடம் பொத்பொத்தென்றும் பேசும். பொத்தென்ற இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். படி மொத்தமும் டமாரம் போல ஒலித்தால் பழுது காங்கிரீட்டில் இல்லை. அடியில் மண் போயிருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். ஃபினால்ஃப்தலீன் தெளித்து ரோஸ் நிறம் வந்தால் கம்பி பத்திரம் என்று சான்று எழுதித்தரும் இளம் பொறியாளர்களுக்கு ஒரு வார்த்தை: அது காற்றிலுள்ள கரியமில வாயு நுழைந்த ஆழத்தைக் காட்டும் சோதனை. உப்பைக் காட்டாது. கடலோரத்தில் ரோஸ் நிறக் காங்கிரீட்டுக்குள்ளேயே கம்பி கரைந்து கிடக்கும். கம்பி ஆழம் வரை தூள் எடுத்து ஆய்வகத்தில் குளோரைடு (உப்பு) அளவு பாருங்கள்.

வட்டமிட்ட இடத்தைவிடக் கொஞ்சம் தாராளமாக, சதுர ஓரமாக, கட்டர் வைத்து 10 மில்லிமீட்டர் ஆழம் வெட்டுங்கள். ஓரம் சரிந்து ஒன்றுமில்லாமல் முடியும் ஒட்டு நிற்கவே நிற்காது. பிறகு சின்ன பிரேக்கரால் கொத்துங்கள். பெரிய பிரேக்கர் நல்ல காங்கிரீட்டையும் கலக்கிவிடும். கம்பியின் முன்பக்கம் தெரிந்தவுடன் நிறுத்துகிறார்கள், அங்கேதான் வேலை கெடுகிறது. கம்பிக்குப் பின்னால் 25 மில்லிமீட்டர், அதாவது விரல் நுழைந்து திரும்பும் அளவுக்கு இடைவெளி வர வேண்டும். கம்பியின் நீளவாக்கில், துருவே இல்லாத பளிச்சென்ற இரும்பு வரும்வரை கொத்திக்கொண்டே போக வேண்டும். முதுகுப்பக்கமும் சேர்த்துக் கம்பி பிரஷ் அல்லது மணல் வீச்சால் சுத்தம் செய்து, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பக்கத்தில்தானே இருக்கிறது என்று கடல் தண்ணீரை மொண்டு ஊற்றிக் கழுவினால், அதுவரை செய்த வேலை மொத்தமும் வீண்.

கம்பி கால்வாசி இளைத்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு இரு பக்கமும் 600 மில்லிமீட்டர் மேற்பொருத்து (பழைய கம்பியோடு ஒட்டிப் போகும் நீளம்) கொடுங்கள். அதற்குப் பிறகு துத்தநாகப் பூச்சு. மேலே சொன்ன வளைய வெடிப்பைத் தடுக்க, ஒட்டின் ஓரத்தை ஒட்டிக் கம்பியில் துத்தநாக ஆனோடுகளை (கம்பிக்குப் பதிலாகத் தான் கரையும் துத்தநாகக் கட்டிகளை) கட்டலாம். தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியில், கம்பியோடு உலோகத்துக்கு உலோகம் இறுகத் தொடும்படி.

ஒட்டுப் பசை விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். எபாக்ஸி பசையைக் காலையில் பூசிவிட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு கலவை வைக்கிறீர்கள். காய்ந்த எபாக்ஸி ஒட்டாது, பழையதும் புதியதும் சேராமல் பிரிக்கும் ஏடாக மாறிவிடும். விரல் வைத்தால் பிசுபிசுக்கும்போதே கலவை மேலே போக வேண்டும். பசை பூசிக் காய விடுவதைவிடப் பசையே இல்லாமல், பழைய பரப்பை நன்றாக நனைத்து, மேலே தேங்கும் நீரை மட்டும் துடைத்துவிட்டுக் கலவை வைப்பது எவ்வளவோ மேல்.

கலவைக்குப் பாலிமர் கலந்த ரெடிமேட் பழுதுபார்ப்புச் சாந்து வாங்குங்கள். ஒரு மீட்டர் நீளம், 300 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் ஆழத்துக்கு 15 லிட்டர் வேண்டும். 25 கிலோ மூட்டை ஒன்று ஏறக்குறைய 12, 13 லிட்டர்தான் தரும், ஆகவே இரண்டு மூட்டை. தண்ணீர் எவ்வளவு என்பது மூட்டையிலேயே அச்சடித்திருக்கும். கோடு போட்ட டப்பாவில் அளந்து ஊற்றுங்கள், கை மதிப்பு இங்கே உதவாது. ஒரே வீச்சில் அப்பாமல் 20 மில்லிமீட்டர் அடுக்காக வையுங்கள். 50 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போனால் சாந்தை விட்டுவிட்டு ஷட்டரிங் அடித்து மைக்ரோ காங்கிரீட் (பொடி ஜல்லி சேர்ந்த, தானே ஓடி நிரம்பும் கலவை) ஊற்றுங்கள். பிறகு ஏழு நாள் கோணிச் சாக்கு போட்டு ஈரம் காயாமல் தண்ணீர் காட்ட வேண்டும். டேங்கர் தண்ணீர் என்றால் போர்வெல் தண்ணீராக இருக்கும், உப்பு பார்த்துவிட்டு வாங்குங்கள்: கம்பி போட்ட காங்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456. கடற்கரை மணலையும், கழுவாத காடி (கடற்கழி) மணலையும் பற்றி இன்னுமா சொல்ல வேண்டும்?

நாள் பார்க்கும் விஷயம் ஒன்று. அமாவாசை நல்ல நாள் என்று அன்றைக்குக் காங்கிரீட் போடத் தொடங்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அஷ்டமி நவமியில் எதையும் தொடங்கமாட்டோம். கடற்கரைப் படிக்கு இது நேர்மாறாக இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியில் மும்பையில் ஓதம் பெரிது, நண்பகல் வாக்கில் உச்சிக்கு வந்து, காலையில் வைத்த கலவையைக் கழுவிக்கொண்டு போகும். அஷ்டமி நவமியில் ஓதம் சிறிது, வற்றமும் பகலில் வரும். நடுப்படிகளுக்குக் கலவை வைக்க அந்த நாட்கள்தான் தோது. உங்கள் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. பூஜையை நல்ல நாளில் போட்டுவிட்டுக் கலவையை ஓத அட்டவணை பார்த்துப் போடுங்கள். கடைசிப் படிக்குக் கீழே தோண்டும் வேலைக்கு மட்டும் அமாவாசைக் காலை வற்றம் உதவும், கடல் அன்றுதான் அதிகம் உள்வாங்குகிறது.

அந்தத் தோண்டும் வேலைதான் டமாரம் போல ஒலிக்கும் படிகளுக்கு மருந்து. மழைக்கால அலை கரை மணலை அள்ளிக்கொண்டு போய் வெயில் காலத்தில் திருப்பிக் கொடுக்கும். மே மாத மணல் மட்டத்தைப் பார்த்துப் போட்ட கடைசிப் படி, ஜூலையில் அந்தரத்தில் தொங்கும். கீழே இறங்குபவர் ஒரே படியில் இரண்டடி விழுவார். இதற்கு மணல் மூட்டையும் கட்டட இடிபாடும் கொட்டுவது பரிகாரம் ஆகாது, இரண்டு ஓதத்தில் போய்விடும். மழைக்காலத்தில் மணல் எவ்வளவு இறங்குகிறது என்று ஆகஸ்டில் வந்து அளந்து, அந்த மட்டத்துக்கும் கீழே போகும்படி கூடுதல் படிகளையும் ஒரு தடுப்புச் சுவரையும் புதைக்க வேண்டும். சுவருக்கு முன்னால் பெரிய கருங்கற்கள், கல்லுக்கு அடியில் நெய்யாத ஜியோ துணி (தண்ணீரை விட்டு மணலைப் பிடிக்கும் செயற்கை விரிப்பு). துணி இல்லாமல் கல்லை மட்டும் போட்டால் மணல் சந்து வழியே உறிஞ்சப்பட்டுக் கல்லும் உள்ளே இறங்கும். மேலேயிருந்தும் மண் போகிறது: ரோட்டு மழைநீர் படிக்கட்டு வழியே இறங்கும் இடங்களில், முதல் படிக்கு முன்னால் குறுக்கே கம்பி வலை போட்ட வடிகால் அமைத்து நீரைத் திருப்புங்கள்.

புதிதாகக் கட்டுவதாக இருந்தால், ஓதம் தொடும் கீழ்ப்படிகளில் கம்பியே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கம்பி இல்லாத கனமான காங்கிரீட் கட்டைகளோ, பொளிந்த கருங்கல்லோ வைத்தால் துருப்பிடிக்க ஒன்றுமில்லை. கம்பி கட்டாயம் என்றால் ஐஎஸ் 456 சொல்வதைக் குறைக்காதீர்கள்: உப்புச் சாரல் படும் இடத்துக்கு எம் 35 வலிமைத் தரக் காங்கிரீட்டும் 50 மில்லிமீட்டர் கவரும் (கம்பிக்கு வெளியே இருக்கும் காங்கிரீட்டின் தடிமன்), ஓதம் ஏறி இறங்கும் இடத்துக்கு எம் 40, நீர் சிமெண்ட் விகிதம் 0.40, கவர் 75 மில்லிமீட்டர். வீட்டு மாடிப்படிக்கு வைக்கும் 20 மில்லிமீட்டர் கவர் கட்டையையும் உடைந்த மார்பிள் சில்லையும் இங்கே கொண்டுவராதீர்கள். இரும்பு உலைக் கசடு கலந்த சிமெண்ட் உப்பை மெதுவாகத்தான் உள்ளே விடும், அதையே கேட்டு வாங்குங்கள். உயர் ஓதக் கோட்டுக்குக் கீழே புதுக் கட்டுமானம் என்றால் 2019ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை வந்து நிற்கும். சொசைட்டி காசில் தானே கட்டிக்கொள்ள முடியாது, வார்டு ஆபீஸ் வழியாகத்தான் போக வேண்டும்.

படி அளவு: உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், மிதி 300க்குக் குறைய வேண்டாம், எல்லாப் படியும் ஒரே உயரம். பழைய படியின் மேல் பூசிப் பூசி ஒன்று மட்டும் இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்பதில்தான் முதியவர்கள் இடறுகிறார்கள். வழவழப்பான டைல்ஸ் கூடவே கூடாது. துடைப்பக் கோடு போட்ட காங்கிரீட், கடல் பக்கம் லேசான சரிவு, அவ்வளவுதான். பாசியை எடுக்க ஆசிட் ஊற்றுகிறார்கள், அது சிமெண்டைத் தின்னும். பிளீச்சிங் பவுடர் கம்பிக்குக் குளோரைடு ஊட்டும். அழுத்த நீரும் விறைப்பான பிரஷ்ஷும் போதும், வாரம் ஒருமுறை.

கைப்பிடிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று மட்டும் டெண்டரில் எழுதினால் கடலோரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும் மலிவான 202 ரகம் வந்து நிற்கும். 316 என்று எழுதுங்கள், அதில் இருக்க வேண்டிய மாலிப்டினத்தைக் காட்டும் சொட்டு மருந்து வைத்துச் சோதியுங்கள். மாலிப்டினம் இல்லாத 304 ரகத்தையும் 316ஐயும் காந்தம் வைத்துப் பிரிக்க முடியாது. 316 தூணைச் சாதா இரும்பு போல்ட்டால் இறுக்கினால் போல்ட் முதலில் கரையும், பிறகு கைப்பிடி கையோடு வரும். தூணைப் படிக்குள் புதைப்பதைவிடப் பக்கவாட்டில் பொருத்துவது நல்லது, அடியில் தண்ணீர் தேங்காது.

ஆடி அமாவாசைக்குக் கடலுக்கு வரும் நம் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்று விடியற்காலை ஆறு, ஏழு மணிக்குக் கடல் உள்வாங்கியிருக்கும், பாசி படிந்த கீழ்ப்படிகள் வெளியே தெரியும். ஈரப் பச்சை நிறத்தில் கால் வைக்காதீர்கள். மேலே காய்ந்த படியில் உட்கார்ந்துகொண்டு, கூட வந்த பிள்ளைகளை வாளியில் தண்ணீர் மொண்டுவரச் சொல்லுங்கள். எட்டு மணிக்குள் மேலே ஏறிவிடுங்கள், அதன் பிறகு ஓதம் வேகமாக ஏறும். உடைந்த படியையோ ஆடும் கைப்பிடியையோ பார்த்தால் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்து, அளவு புரியும்படி படம் எடுத்து வார்டு ஆபீஸில் கொடுங்கள். ஆள் விழும் ஆபத்து என்றால் உடனே மாநகராட்சியின் உதவி எண் 1916க்குப் போன் செய்யுங்கள்.