வெங்காய சூப்பும் மூன்று மாதச் சர்க்கரையும்

திருப்பூர் வாசகர் ஒருவர், பனியன் ஏற்றுமதி விஷயமாகப் பாரிஸ் போயிருக்கிறார். திரும்பும்போது விமான நிலையத்துக்குள் இருந்த பிரெஞ்சு உணவகம் ஒன்றில் சாப்பிட்டாராம். "வெங்காய சூப்புன்னாங்க. பார்த்தா காப்பி நிறம், குடிச்சா ஒரே இனிப்புங்க. எனக்குச் சுகர் இருக்குதுங்க. சர்க்கரையக் கொட்டியிருப்பாங்களோ?"

சிலர் ஒரு சிட்டிகை போடுவதுண்டு. ஆனால் இனிப்பு பெரும்பாலும் வெங்காயத்தினுடையதுதான். 100 கிராம் வெங்காயத்தில் சுமார் 4 கிராம் சர்க்கரை இருக்கிறது. பச்சையாகக் கடித்தால் கந்தகச் சேர்மங்களின் காரம் அதை மறைத்துவிடும். வேகும்போது காரம் போய்விடும், இனிப்பு தங்கிவிடும்.

சரி, அந்தக் காப்பி நிறம்?

வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். சட்டியில் அந்த ஈரம் இருக்கிறவரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். எவ்வளவு கிளறினாலும் வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகுமே தவிர, சிவக்காது. அப்புறம் ஒரு கட்டத்தில் சட்டியின் சத்தம் மாறும். கொதிக்கிற சத்தம் அடங்கி, எண்ணெய் பொரிகிற சத்தம் வரும். தண்ணீர் தீர்ந்தது, சூடு ஏறுகிறது என்று அர்த்தம். வெங்காயத்தின் சர்க்கரைகளான குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் புரதத்தின் துண்டுகளான அமினோ அமிலங்களோடு வேகமாக ஒட்டத் தொடங்கும். ஒட்டியது உருமாறும், உடையும், உடைந்தவை வேறு எதனோடாவது சேரும். நூற்றுக்கணக்கான புதுச் சேர்மங்கள் பிறக்கும். பழுப்பு நிறமும் அந்த மணமும் இவைதான். முறுகல் தோசையின் ஓரத்திலும் வறுத்த காப்பிக்கொட்டையிலும் நடப்பது இதுவே. அரிசிம்பருப்புச் சோற்றுக்குச் சின்ன வெங்காயம் வதக்கும்போது நாம் ஆரம்பத்திலேயே நிறுத்திவிடுகிறோம். பிரெஞ்சுக்காரர்கள் மெல்லிய தீயில் முக்கால் மணி நேரமாவது விடுவார்கள். ஐந்தே நிமிடத்தில் பொன்னிறமாகும் என்று எழுதுகிற சமையல் குறிப்புகளை நான் நம்புவதில்லை.

இதை 1912-ல் விவரித்தவரும் பிரெஞ்சுக்காரர்தான், லூயி கமீல் மையார். அவர் சூப்புக்காக மெனக்கெடவில்லை. உயிர்களின் உடலில் புரதம் எப்படி உருவாகிறது என்று தேடிப் போனவர், குளுக்கோஸையும் கிளைசின் என்ற அமினோ அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்க, கலவை பழுப்பாகிவிட்டது. இன்றைக்கு அவர் நிதி கேட்டு விண்ணப்பித்தால், "இதனால் என்ன பயன்?" என்ற கட்டத்தில் எதை எழுதியிருப்பாரோ!

பயன் வாசகரின் ரத்தத்திலேயே இருக்கிறது. இதே வினையின் முதல் படி, ஒட்டுகிற படி, 37 டிகிரியிலும் மெதுவாக நடக்கிறது. ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ், நொதி எதுவும் உதவாமலே சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரை நோயாளிகளிடம் அப்படி ஒட்டியது அதிகமாக இருப்பதை 1960-களின் இறுதியில் கவனித்தவர் ஈரானைச் சேர்ந்த சாமுவேல் ரஹ்பர். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும், ஒட்டியதைக் கடைசிவரை சுமக்கும். அதை எண்ணுவதுதான் எச்பிஏ1சி, நம் ஊரில் 'மூணு மாசச் சுகர்' என்கிற டெஸ்ட்.

முந்தின இரண்டு நாள் கீரையும் மோருமாக இருந்துவிட்டு லேபுக்குப் போகிறவர்கள் நம் பக்கம் ஏராளம். வெறும் வயிற்றுக் கணக்கை அப்படிக் கொஞ்சம் இறக்கிக் காட்டலாம். இந்தக் கணக்கு அசையாது.

வாசகர் சந்தேகப்பட வேண்டியது வெங்காயத்தை அல்ல. அந்த சூப்பின் மேல் சீஸுக்கு அடியில் ஊறிக் கிடந்திருக்குமே ஒரு மைதா ரொட்டித் துண்டு, அதைத்தான்.