சுகர் போடர்லைன் மாதிரி இல்ல இந்த போடர்லைன்

போன வருசம் வெள்ளவத்தையில என்ட தெரபி ரூமுக்கு வந்த ஒரு அன்ரி இருந்த உடன கேட்ட முதல் கேள்வி, "மிஸ், போடர்லைன் எண்டு டொக்டர் எழுதியிருக்கிறார், அப்ப இன்னும் முழுசா வரேல்லத்தானே?" அவவுக்கு சுகர் போடர்லைன்ல நிக்குதாம், சீனியைக் குறைச்சு கொஞ்சம் நடந்தா சரியெண்டு கிளினிக்ல சொன்னவையாம், மகளுக்கும் அப்பிடி ஏதோ எண்டு நினைச்சிட்டா, ஆனா மகளுக்கு எழுதியிருந்தது போடர்லைன் பேர்சனாலிட்டி டிஸோடர், உணர்ச்சியையும் உறவுகளையும் குழப்பிற ஒரு மனநல வருத்தம். (ஆளைத் தெரியக்கூடாதெண்டு மூண்டு நாலு குடும்பத்தின்ட கதையைக் கலந்துதான் எழுதுறன்.)

பிழை அன்ரியில இல்ல, பேர்ல. 1938ல அடொல்ஃப் ஸ்டேர்ன் எண்ட டொக்டர், நியூரோசிஸுக்கும் (பதட்டம் மாதிரியான மனக்கஷ்டம்) சைக்கோசிஸுக்கும் (நிஜத்தோட தொடர்பு அறுந்து போற நிலை) நடுவில எல்லையில நிக்கிற ஆக்கள் எண்டு எழுதினவர், 1980ல டிஎஸ்எம் எண்ட, மனநல வருத்தங்களை வரையறுக்கிற அமெரிக்கப் புத்தகத்திலயும் ஏறி, இண்டைக்கும் அதே பேர்தான். ஆனா வருத்தம் அரைகுறை இல்ல. காலமை "நீதான் என்ட உயிர்" எண்டு சொன்ன பிள்ளை, வாட்ஸ்அப்பில நீல டிக் விழுந்து ஒரு மணித்தியாலம் பதில் வரேல்ல எண்டவுடன "என்னை விட்டுட்டுப் போகப்போறாய்" எண்டு உடைஞ்சு போகும், கோவம், பிறகு வெக்கம், பிறகு உள்ளுக்க ஒண்டுமே இல்லாத மாதிரி ஒரு வெறுமை, சிலர் தங்களையே காயப்படுத்துவினம். 9 அறிகுறியில 5 ஆவது, அதுவும் நீண்டகாலமா இருக்கோணும், டிக்டொக் பாத்து நீங்களே முடிவு கட்டாதேங்கோ.

வீட்டில இதுக்கு வேற பேர் இருக்கு. நாடகம். கொழுப்பு. செல்லம் குடுத்துக் கெடுத்தது. ஒரு பெரியப்பா "கலியாணம் கட்டி வச்சா எல்லாம் அடங்கும்" எண்டு எனக்கு முன்னாலயே சொன்னவர், எனக்கு வந்த கோவத்துக்கு நானே மூச்சை இழுத்து விடவேண்டியதாப் போச்சு. மத்தியான வெயில்ல காலி ரோட்டில செருப்போட நடக்கிறவருக்கும் வெறுங்காலோட நடக்கிறவருக்கும் தார் ஒரே சூடுதான், ஆனா வெறுங்கால்காரன் துள்ளினா அது நாடகமா? பிறப்பிலேயே உணர்ச்சி கூட, அதோட "இது ஒண்டும் இல்ல, சும்மா இரு" எண்டே கேட்டு வளந்த வீடு, இது ரெண்டும் சேருற இடத்திலதான் பிரச்சினை முத்துது எண்டதுதான் இதுக்குக் குடுக்கிற டீபீடீ (டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி) எண்ட பேச்சுச் சிகிச்சையின்ட அடிப்படை.

இதை உருவாக்கினது சியாட்டில்ல வொஷிங்டன் யூனிவர்சிட்டியில இருந்த மார்ஷா லினஹான். "மாறு, மாறு" எண்டு மட்டும் சொல்ற தெரபியில ஆக்கள் தங்களைக் குத்தம் சொல்ற மாதிரி நினைச்சு விட்டுட்டுப் போகினம், "நீ இருக்கிறபடியே சரி" எண்டு மட்டும் சொன்னா, அப்ப என்ட வேதனை மாறாதா எண்டு கேக்கினம். அதால ரெண்டையும் ஒரே நேரத்தில பிடிச்சா. 1991ல முதல் ஆய்வு வந்தது, தானும் 17 வயசில மனநல ஆஸ்பத்திரியில இருந்தவ எண்டதை 2011ல வெளியில சொன்னா. தமிழில இதை 'இயங்கியல் நடத்தைச் சிகிச்சை' எண்டு ஒரு நோட்டீசில போட்டன், 'இயங்கியல்' எண்டதைக் கண்டு மார்க்சியம் எண்டு நினைச்ச ஒரு மாமா வந்து இது எந்தக் கட்சியின்ட வகுப்பு எண்டு கேட்டவர். அதோட விட்டாச்சு, டீபீடீதான்.

வழமையா ஒரு வருசம். கிழமைக்கு ஒருக்கா தனியா, ஒருக்கா குரூப்பா ரியூசன் மாதிரி வகுப்பு, ஹோம்வேர்க்கும் இருக்கு. இடையில தாங்க ஏலாமப் போனா ஏதும் செய்ய முதல் தெரபிஸ்டுக்கு கோல் எடுக்கலாம். தெரபிஸ்ட்மாருக்கே தங்களுக்குள்ள ஒரு டீம் வேணும், தமிழில அந்த டீமைச் சேர்க்கிறதே எனக்குப் பெரிய பாடு.

இதில எனக்குப் பிடிச்சது செயின் அனாலிசிஸ், நடந்ததை ஒரு சங்கிலி மாதிரி கொழுக்கி கொழுக்கியாப் பாக்கிறது. இரவு 11 மணிக்கு கோப்பை உடைஞ்சது எண்டா அங்கயிருந்து பின்னுக்குப் போறம். கோல் எடுக்கேல்ல. அதுக்கு முதல் மச்சாளின்ட கலியாணப் படம் பாத்தது. அதுக்கு முதல் மத்தியானம் சாப்பிடேல்ல, முதல்நாள் நித்திரையும் இல்ல. எந்தக் கொழுக்கியைக் கழட்டியிருந்தா கோப்பை தப்பியிருக்கும்? அந்தப் பிள்ளை யோசிச்சு "சோறு" எண்டு சொல்லிச்சு, ரெண்டு பேரும் சிரிச்சிட்டம்.

உணர்ச்சி உச்சத்தில நிக்கேக்க யோசிக்கச் சொல்லிப் பிரயோசனம் இல்ல, உடம்பைத்தான் முதல் இறக்கோணும். ஐஸ் தண்ணியில மூச்சைப் பிடிச்சு முகத்தை ஒரு 30 செக்கன் வைக்க இதயத்துடிப்பு குறையும், தண்ணிக்குள்ள மூழ்கேக்க உடம்பு தானா செய்யிற வேலை அது. இதய வருத்தக்காரர் டொக்டரைக் கேக்காம செய்யவேண்டாம். அன்ரிக்கு இது கொஞ்சமும் பிடிக்கேல்ல, "இரவில தடிமன் பிடிக்கும் மிஸ்."

மருந்து? இந்த வருத்தத்துக்கெண்டே ஒரு குளிசை இல்ல, கூட வாற டிப்ரெஷன் மாதிரி ஒண்டுக்குத்தான் குடுப்பினம், ஆனா நீங்களா நிப்பாட்டாதேங்கோ.

அன்ரிக்கு ஒரு வேலை குடுத்தன், மகள் அழேக்க "விடு, ஒண்டும் இல்ல" எண்டு சொல்லக்கூடாது. "அப்ப அவ கோப்பை உடைச்சது சரியெண்டு சொல்லச் சொல்றீங்களோ?" "இல்ல அன்ரி, கோவம் வந்தது விளங்குது எண்டு சொல்லுங்கோ, உடைச்சதை சரியெண்டு சொல்லவேண்டாம். செத்த வீட்டுக்குப் போனா பக்கத்தில இருப்பம்தானே, நியாயமா கதைக்கிறம்?" கொஞ்ச நேரம் பேசாம இருந்தா.

யாருக்காவது சாக நினைப்பு வந்தா காத்திருக்கவேண்டாம், தேசிய மனநல நிறுவனத்தின்ட 1926க்கு எடுங்கோ.

போன கிழமை அன்ரி சொன்னா, "இப்ப அவ ஃப்ரிஜ்ஜைத் திறந்து ஐஸ் ட்ரேயை எடுத்தா நான் தடிமன் கதை கதைக்கிறேல்ல மிஸ், துவாயை எடுத்துக் குடுக்கிறன்."